கடைசி டிரம் மழைத்தண்ணீர்

முழங்கை வரை கையை உள்ளே விட்ட பிறகுதான் அப்துல் வாஹிதின் விரலில் தண்ணீர் தட்டுப்பட்டது. நேற்று மாலை டிரம்மின் விளிம்புக்கு நாலு விரல் கீழே நின்ற தண்ணீர். இப்போது பாதிக்கும் கீழே போய்விட்டது. அதன்மேல் ஒரு பச்சை பிளாஸ்டிக் கப் ஆடி அசைந்து மிதந்துகொண்டிருந்தது. அவர் கடையில் விற்கிற கப்தான்.

திரும்பிப் பார்த்தார். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து மைத்துனர் அப்துல் நாசர் கால் கழுவி ஒளுச் செய்து முடித்திருந்தார். பள்ளிவாசலில் இருந்து வந்த இரண்டு பேர் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு முறைக்குக் காத்து நின்றார்கள். சிமெண்டுத் தரையில் ஓடிய ஈரம் சந்துவரைக்கும் போயிருந்தது. சாவு விழுந்த மௌத்து வீட்டின் பின்வாசலில் டிரம் நிறையத் தண்ணீர் இருந்தால், தொழவருகிறவர்கள் கைகால் கழுவ வைத்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். அவர்கள் பேரில் குற்றமில்லை. நம் வீட்டு மையத்துக்காகத் தொழ வந்தவரிடம், ஏன் அய்யா இந்தத் தண்ணீரைத் தொட்டீர் என்று எந்த வாயால் கேட்பது?

"உக்காருங்க மச்சான். காலைல இருந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க," என்றார் நாசர்.

"இந்தத் தண்ணிய இனிமே எடுக்க வேண்டாம் நாசரு. முன்னாடி தொட்டில போர்த் தண்ணி கெடக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு வாஹித் டிரம்மை மூடினார். மூடியின்மேல் துவைக்கிற கட்டையையும் தூக்கி வைத்தார். நாசர் ஒன்றும் புரியாமல் ஈரக்கையோடு உட்கார்ந்திருந்தார்.

எட்டயபுரம் ரோட்டில் வாஹிதுக்கு பிளாஸ்டிக் சாமான் கடை. குடம், வாளி, டிரம், டிரம்முக்கு மூடி. வானம் பொய்த்தால் அவருக்கு வியாபாரம். 'பாய் கடையில தண்ணியத் தவிர எல்லாம் கெடைக்கும்' என்று பக்கத்துக் கடைக்காரர்கள் பகடி செய்வார்கள். குழாயில் தண்ணீர் வந்து ஒன்பது நாளாகிறது. போர்த் தண்ணீரோ வாயில் வைக்க முடியாத உப்பு. இந்த டிரம்மில் இருந்தது இரண்டுமில்லை. கார்த்திகையில் பெய்த மழையை, மொட்டைமாடிக் குழாயின் வாயில் அவருடைய பழைய வேட்டியைக் கட்டி வடித்து, அவர் மனைவி பதருன்னிசா பிடித்துவைத்தது. ஆறு டிரம் பிடித்தாள். ஐந்து தீர்ந்துவிட்டது. இது கடைசி.

அவள் குடிப்பதற்காகப் பிடிக்கவில்லை. அவளுக்குத் தண்ணீர் விலக்கு. நாலு வருஷமாக வாரம் இரண்டு தடவை திருநெல்வேலிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வந்தவளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் என்று அளந்து கொடுத்திருந்தார்கள். அந்த ஆஸ்பத்திரி ஹாலில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. தட்டுத் தட்டாக நாலைந்து டிஸ்கஸ் மீன்கள் அதில் அவசரமே இல்லாமல் திரியும். முறைக்காகக் காத்திருக்கும்போது அவள் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். "இதுக்கென்னங்க குறைச்சல், வேணுங்கிற மட்டும் தண்ணிக்குள்ளயே கெடக்கு," என்றாள் ஒருநாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வாஹிதுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அடுத்த மாதமே மதுரையில் ஒரு மீன்தொட்டிக் கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரன் வலையை எடுத்துக்கொண்டு, எது வேண்டும் என்றான். "மொதல்ல தீனி போடுங்க, பாப்போம்," என்றாள் பதருன்னிசா. ஓடிவந்து தின்றதைத்தான் விரலால் காட்டினாள். மூலையில் கறுத்துப்போய் ஒதுங்கி நின்றதைத் தள்ளினாள். நெற்றி குழி விழுந்ததைத் தள்ளினாள். உடம்பு சின்னதாகவும் கண் பெரிதாகவும் இருந்ததை, "இது வயித்துக்கில்லாம வளர்ந்தது, பாவம்," என்று தள்ளினாள். செவுள் இரண்டும் ஒன்றுபோல மூச்சுவிடுகிறதா என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். கடைக்காரன் வாஹிதிடம், "அண்ணாச்சி, பொண்ணு பாக்க வந்த மாதிரில்லா பாக்காவ," என்றான். இரண்டு போதுமே என்று வாஹித் இழுத்ததற்கு, "ஒத்தை ரெட்டையா வச்சா பயந்தே செத்துரும். கொறஞ்சது ஆறு வேணும்," என்றாள். தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். சாத்தூர் தாண்டும்போது பெட்டியின்மேல் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். அந்தத் தூக்கத்தை வாஹித் பலதடவை நினைத்துக்கொள்வார்.

இன்று காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்தபோதும் அப்படித்தான் சாய்ந்திருந்தாள். மீன்தொட்டிக்கு முன்னால், பிளாஸ்டிக் நாற்காலியில். நீல வெளிச்சம் முகத்தில் அலைந்துகொண்டிருந்தது. மீன்களெல்லாம் அவள் பக்கத்துக் கண்ணாடியில் வந்து கூடி நின்றன. வாஹித் பால் பாக்கெட்டை வைத்தார். பள்ளிவாசலில் ஃபேன் ஓடவில்லை என்றார். மாசியிலேயே இந்த வெக்கை என்றால் சித்திரையில் என்ன செய்வோம் என்றார். இன்றைக்குப் பத்தரை மணி பஸ்ஸுக்குப் போவோமா என்று கேட்டார். ஐந்து நிமிஷம் பேசியிருப்பார். பதில் வராததில் ஒன்றும் புதிதில்லை, மீன் பார்க்கும்போது அவள் பேசமாட்டாள். பிறகுதான் நெற்றியில் கை வைத்தார்.

அந்தக் கைதான் கடைசி. அக்கா ஜன்னதுல் பிர்தௌஸ் வந்ததும் அவரைத் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டாள். "இனிமே நீ தொடக்கூடாதுலே. பாக்கலாம், அம்புட்டுத்தான். மௌத்தானதோட நிக்காஹு முடிஞ்சிருச்சு." அவர்கள் ஜமாஅத்தில் அதுதான் வழக்கம். வாஹிதுக்கும் தெரியும். எத்தனை வீடுகளில் எத்தனை ஆண்கள் சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறார். முப்பத்தொரு வருஷம் ஒரே பாயில் படுத்தவளை இனிமேல் தொடக்கூடாது என்பது கேட்கும்போது ஒருமாதிரியும் நடக்கும்போது வேறுமாதிரியும் இருந்தது. அவருக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

வீட்டுக்குள் வந்தார். ஹாலில் பெண்கள் ஓதுகிற சத்தம் தண்ணீருக்கடியிலிருந்து கேட்பதுபோல் கேட்டது. பிள்ளைகள் கூடிநின்று மீன் பார்க்கிறார்கள் என்று யாரோ பெரிய தொட்டியின்மேல் படுக்கைவிரிப்பைப் போர்த்தியிருந்தார்கள். துணிக்குள்ளிருந்து நீலம் கசிந்து, வெள்ளைத் துணி மூடிக் கிடந்தவளின் பாதங்கள்வரை வந்து விழுந்தது. சின்ன அறையில் இன்னொரு தொட்டி. ஆறில் ஜோடி சேர்ந்த இரண்டை மட்டும் பிரித்து அதில் விட்டிருந்தாள். அந்தத் தொட்டிக்கு முன்னால் மகள் அஃப்ஷான் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

அஃப்ஷானுக்குச் சென்னையில் வேலை. அம்மாவுக்கு உடம்புக்கு வந்த வருஷத்தில்தான் கிளம்பினாள். "போ, போயி ஒன் வேலையப் பாரு, இங்க நாங்க செத்தா கெடக்கோம்," என்று வாஹித் ஒரு வார்த்தை விட்டார். விட்ட வார்த்தை விட்டதுதான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்செல்லாம் பதருன்னிசா வழிதான். 'அத்தா சாப்ட்டாவளான்னு கேளும்மா' என்று மகள் போனில் கேட்பாள். 'சாப்ட்டேன்னு சொல்லு' என்று இவர் இங்கிருந்து சொல்வார். போன் ஸ்பீக்கரில்தான் இருக்கும். முட்டை பொரித்துவிட்டது, குஞ்சு நீந்துகிறது, வந்து பார் என்று அம்மா கூப்பிட்டதற்காக மகள் நேற்றுக் காலைதான் லீவு போட்டு வந்திருந்தாள்.

வாஹித் அவள் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். தாய்மீனின் இரண்டு பக்கமும் சீரகம் ஒட்டியதுபோல் குஞ்சுகள் ஒட்டிக்கிடந்தன. டிஸ்கஸ் குஞ்சுக்குத் தாய்தகப்பன் உடம்பில் ஊறுகிற கொழகொழப்புத்தான் பால். தாய் களைத்தால் தகப்பன் பக்கத்தில் வந்து நிற்கும், தாய் ஒரு சிலுப்புச் சிலுப்பும், குஞ்செல்லாம் தகப்பனுக்கு மாறிவிடும். இந்த ஆண் மட்டும் கிட்டவே வரவில்லை. ஹீட்டருக்குப் பின்னால் கறுத்துப்போய் நின்றது. "பெத்ததோட சரி. பயந்தாங்குளிப் பய," என்று நேற்று பதருன்னிசா அதைத் திட்டினாள். திட்டிக்கொண்டே வாஹிதை ஓரக்கண்ணால் பார்த்தது இப்போது ஞாபகத்துக்கு வந்தது.

பின்வாசலில் அக்கா கூப்பிட்டாள். சேலைகளைக் கட்டி மறைப்புப் போட்டாகிவிட்டது. குளிப்பாட்டுகிற பலகையும் பள்ளிவாசலில் இருந்து வந்துவிட்டது.

"அஞ்சு கொடமாவது வேணும்லே. செம்பகவல்லி அவ வீட்டு போர்த் தண்ணி தாரேங்கா. அடுப்புல வச்சிரலாமா?"

பக்கத்து வீட்டுச் செண்பகவல்லி இடுப்பில் குடத்தோடு நின்றாள். "எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி," என்றாள். கண் சிவந்திருந்தது.

வாஹிதுக்கு அந்தக் குடத்தைப் பார்த்ததும் உடம்பு எரிந்தது. உப்புத் தண்ணீர் பட்டால் பதருன்னிசாவுக்கு ஆகாது. கிட்னி போனதிலிருந்து தோலெல்லாம் காய்ந்து வெடித்து, ராவெல்லாம் சொறிந்து சொறிந்து ரத்தம் கட்டியிருக்கும். போர்த் தண்ணீரில் குளித்த அன்று தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு பல்லைக் கடிப்பாள். கேன் தண்ணீர்க்காரனுக்குக் காலையிலேயே போன் போட்டாயிற்று. வண்டி விளாத்திகுளம் பக்கம் போயிருக்கிறது, சாயங்காலம் அஸருக்கு மேல்தான் என்றான். மத்தியானம் ளுஹர் தொழுதவுடன் மையத்தை எடுத்தாக வேண்டும்.

"வேண்டாம்க்கா. இதுல இருக்கு," என்று டிரம்மின்மேல் இருந்த கட்டையை இறக்கினார். "மழைத்தண்ணி."

"அது அம்மா மீனுக்கு வச்சது."

வாசல்படியில் அஃப்ஷான் நின்றிருந்தாள். நேராக அவரைப் பார்த்துத்தான் சொன்னாள். நாலு வருஷத்துக்கு அப்புறம் நடுவில் ஆள் இல்லாமல் சொன்ன சொல்.

"இன்னைக்கு மாத்தலன்னா குஞ்சு ஒண்ணும் தங்காதுத்தா. நேத்தே தண்ணி கலங்கிருச்சு. நாளைக்கு எனக்கு ஆஸ்பத்திரி, நீ மாத்துன்னு சொன்னாவ. போர்த் தண்ணி பட்டா பெருசே கறுத்துரும், குஞ்சு எப்படித் தாங்கும்? அம்மா எங்கிட்டக் கடைசியா சொன்னது அது ஒண்ணுதான்."

"ஒங்கம்மாவுக்கும் அந்தத் தண்ணி ஆகாது."

"அம்மாவுக்கு இனிமே..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

வலிக்காது என்றுதான் சொல்ல வந்தாள். அவள் சொல்லாமல் விட்டதும் எல்லார் காதிலும் விழுந்தது. செண்பகவல்லி குடத்தை இறக்கிக் கீழே வைத்தாள்.

வாஹித் டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றார். மிஞ்சிப்போனால் ஐந்து குடம் தேறும். தண்ணீரில் அவர் முகமும் அதற்கு மேல் மாசி மாதத்து வெளுத்த வானமும் தெரிந்தன. எது சரி என்று அவருக்குத் தெரியவில்லை. மகள் சொல்வதுதான் நியாயம், உயிருள்ளதுக்குத்தான் தண்ணீர். பதருன்னிசாவைக் கேட்டால் அவளும் மீனுக்கு ஊற்றுங்கள் என்றுதான் சொல்வாள். தன் முக்கால் லிட்டரை அளந்து வைத்துவிட்டு மீனுக்குக் குடம் குடமாக ஊற்றியவள். அதை நினைத்ததும் அவருக்குத் தாங்கவில்லை. நாலு வருஷம் போதாதா? இன்றைக்காவது அவளுக்குக் கிடைக்கட்டும்.

"நாலு கொடம் ஒங்கம்மாவுக்கு," என்றார். "ஒரு கொடம் மீனுக்கு. என்னால வேற ஒண்ணும் செய்ய முடியாதும்மா. நான் அவளத் தொடக்கூட முடியாது."

அஃப்ஷான் உள்ளே போய், கடையிலிருந்து எடுத்துவைத்திருந்த புதுக்குடம் ஒன்றைக் கொண்டுவந்து, டிரம்மிலிருந்து அவளே மொண்டு நிரப்பி, மூடி, சின்ன அறைக்குத் தூக்கிப்போனாள்.

மிச்சத்தை அண்டாவில் ஊற்றும்போது அடியில் கிடந்த இலைகளும் வந்து விழுந்தன. தண்ணீர் வெளிர்தேநீர் நிறத்தில் இருந்தது.

"இதென்னலே, எலையெல்லாம் கெடக்கு?" என்றாள் அக்கா.

"வாதாமரத்து எல. மீனுக்குப் புண்ணு கிண்ணு வராதும்பா. பள்ளிக்கூடத்து மரத்துல இருந்து பெறக்கிட்டு வந்து கழுவிப் போட்டுவைப்பா."

அக்கா கையில், குளிப்பாட்டும் தண்ணீரில் போட இலந்தை இலை வைத்திருந்தாள். அதையும் அண்டாவையும் மாறிமாறிப் பார்த்தாள். "எல போட்ட தண்ணி," என்றாள். "அவளே போட்டு வச்சிட்டுப் போயிருக்கா பாருலே." சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டாள். இத்தனை நேரமும் எல்லாரையும் ஏவிக்கொண்டிருந்தவள் அப்போதுதான் அழுதாள்.

அடுப்பில் தண்ணீர் காய்ந்தது. வாஹித் மீன்தொட்டியின் தெர்மாமீட்டரை எடுத்துவந்து அண்டாவில் விட்டார். இருபத்தொன்பது. மீனுக்கு அதுதான் கணக்கு. குளிர்ந்தால் வியாதி வரும், கொதித்தால் மூச்சு முட்டும் என்பாள். நாசர் இதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒவ்வொரு குடமாக மறைப்புவரை கொண்டுபோய்க் கொடுத்தார். சேலைக்குள்ளிருந்து கைகள் மட்டும் வந்து வாங்கிக்கொண்டன. அக்காவின் கை, நாசர் மனைவியின் கை, ஒருதடவை அஃப்ஷானின் கை. உள்ளே மெல்ல ஓதுகிற சத்தமும் தண்ணீர் விழுகிற சத்தமும் கேட்டன. அவர் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பலகையின் அடியிலிருந்து ஒரு கோடு தண்ணீர் கற்பூர வாசத்தோடு ஊர்ந்து வந்து அவர் கால்விரலைத் தொட்டது. அவர் காலை நகர்த்தவில்லை.

"தோலெல்லாம் மெதுமெதுன்னு ஆயிட்டுலே," என்று அக்கா உள்ளிருந்து சொன்னாள். அவருக்கென்று சொன்னாள்.

ளுஹருக்குப் பிறகு எடுத்தார்கள். கபர்க் குழி தோண்டிய கரிசல் மேலே பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆழத்தில் மட்டும் கறுத்துக் குளிர்ந்து, பிடி மண் எடுத்தபோது கையோடு ஒட்டிக்கொண்டது. மூன்று பிடி போட்டுவிட்டுத் திரும்பினார். வெயில் எல்லாவற்றையும் வெள்ளையாக்கியிருந்தது. யார் சைக்கிளில் வந்தார்கள், யார் தோளைத் தொட்டார்கள் என்பதெல்லாம் வெகுதூரத்தில் நடப்பதுபோல் இருந்தது. பழக்கத்தில் பால்கடை வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு நடந்தார்.

பொழுது சாயும்போது வீடு காலியாகியிருந்தது. மூன்று நாளைக்கு அடுப்பு மூட்டக்கூடாது என்று பக்கத்து வீடுகளிலிருந்து சோறு வந்திருந்தது. செண்பகவல்லி தூக்குச்சட்டியை வைத்துவிட்டு, "அண்ணாச்சி, எடசெவல்ல எங்க மதினி வீட்டுல மழைத்தண்ணித் தொட்டி இருக்கு. போன் போட்டுக் கேட்டுட்டேன். காலைல எங்க வீட்டுக்காரவிய வண்டில ரெண்டு கேன் கொண்டாந்துருவாவ. இன்னைக்கு ஒரு ராத்திரி எப்படியாவது ஒப்பேத்துங்க," என்றாள். மீனைப் பற்றி அவளுக்கும் ஒரு கவலை இருந்திருக்கிறது.

சின்ன அறையில் அஃப்ஷான் தொட்டியிலிருந்து ஒரு குடம் பழைய தண்ணீரைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்திருந்தாள். தாய்மீனின் பக்கங்கள் கொத்துப்பட்டு வெளுத்திருந்தன. செவுள் வேகமாக அடித்தது. குஞ்சுகள் நேற்றைவிடக் குறைவு. ஆண் மீன் ஹீட்டருக்குப் பின்னாலேயே நின்றது.

"தெரியலத்தா, தாங்குமான்னு," என்றாள். "நான் குடத்தப் பிடிக்கேன். அம்மா தண்ணிக்குள்ள கைய வச்சு அதுமேலதான் ஊத்துவாவ. வேகமா விழுந்தா பயந்துரும். ஒங்க கைய வைங்க."

"எங் கையவா?"

"சோப்புப் போடாம கழுவிட்டு வாங்க."

கழுவிவிட்டு வந்தார். நகக்கண்ணில் கரிசல் போகவில்லை. தொட்டிக்குள் கையை இறக்கினார். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் இறக்கியதில்லை. இருபத்தொன்பது டிகிரி என்பது ஒரு ஆளின் கையைப் பிடித்த மாதிரி இருக்கிறது என்று அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

அவள் ஊற்றினாள். உள்ளங்கையில் விழுந்து, விரலிடுக்கில் பிரிந்து, மழைத்தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கியது. தாய்மீன் ஒரு சிலுப்புச் சிலுப்பி அப்பால் போய்விட்டது. குஞ்சுகள் திக்குத் தெரியாமல் தண்ணீரெல்லாம் சிதறின. சில அவர் கையைச் சுற்றி வந்தன. தெருவில் மஃரிப் பாங்கு கேட்டது. வாஹித் கையை இழுக்கப் பார்த்தார்.

"எடுக்காதீங்கத்தா," என்றாள் அஃப்ஷான் மெதுவாக. "வருது."

ஹீட்டருக்குப் பின்னாலிருந்து ஆண் மீன் வந்தது. பாதி தூரம் வந்து நின்றது. மறுபடியும் வந்தது. அவர் விரல்களுக்குச் சாண் தூரத்தில் வந்து, பக்கவாட்டில் திரும்பி, அசையாமல் நின்றுகொண்டது. ஒரு குஞ்சு அதன் மேல் ஒட்டியது. பிறகு இன்னொன்று.

குடம் காலியாகிவிட்டது. அவள் அதைக் கீழே வைக்கவில்லை. அவரும் கையை எடுக்கவில்லை.